மாடிப்படித் திருப்பம்

முழுசாக எதுவும் ஏறாது
முத்தியால்பேட்டை மாடிப்படிகளில்.
கட்டிலைத் தலைமாடு, கால்மாடு,
பக்கச் சட்டம் இரண்டு, பலகை ஏழு என்று
பிரித்துத்தான் ஏற்றுவோம்.
இருதயராஜ் மேலே, நான் கீழே.
கீழே நிற்பவன் முதுகில்தான் எடை இறங்கும் என்பதைப்
பத்தொன்பது வருடம் கழித்துப்
படம் பிடித்துக் காட்டினார்கள் கோரிமேட்டில்.

எல் ஃபோர், எல் ஃபைவ் என்றார் டாக்டர் நளாயினி.
இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய மெத்தை
ஒருபக்கமாய்ப் பிதுங்கி
பைக்குள் நசுங்கிய சப்போட்டா மாதிரி இருந்தது.
எனக்குத் தெரிந்த எல்
சட்டைப்பையில் கிடக்கும் எல் சாவி ஒன்றுதான்.

'புது டிஸ்க்கை முழுசா உள்ள விடணும்னா
பெருசாக் கிழிக்கணும், தேசிங்கு.
நரம்பை ரொம்ப ஒதுக்கணும்.
அதனால துண்டு துண்டா அனுப்பி
உள்ளயே கோத்துடுவோம்.'
மருந்துச்சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
கீழ்த்தட்டு, மேல்தட்டு,
நடுவில் வழுக்கி ஆட ஒரு கிண்ணம்,
எல்லாவற்றையும் இழுத்துப் பூட்ட ஒரு கம்பி.
பாதை, இரண்டு விரல் அகலம்.

அம்சவல்லிக்கு முகம் வெளுத்தது.
எனக்கு என்னவோ
வேறு கடையில் வேலை பார்க்கும்
ஃபிட்டர் ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது.
திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய்ப்பீங்க என்று கேட்டேன்.
சிரிக்காமல் சொன்னார்: இடது.
நானும் இடதுதான்.

அப்புறம் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.
'கழட்ட வேண்டி வந்தா?'

வைசியாள் வீதியில் ஒரு கட்டில் இருந்தது.
சுழல் படி, இரண்டாம் மாடி. நான் பூட்டியது.
பதினோரு வருடம் கழித்து
எடுத்துப் போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
உப்புக்காற்று தின்று திருகுகளின் தலை மழுங்கி
சாவி வெறுமனே சுற்றியது.
ரம்பம் போட்டேன்.
அந்தம்மா அடுத்த அறைக்குப் போய்
மிக்சியை ஓடவிட்டார்.
அதில் எதுவும் அரைபடவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார்.
'இது துருப்பிடிக்காது' என்றார்.
பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி,
'கழட்டறது கஷ்டம்தான்.'
எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லித் தராத
அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகக்
கையெழுத்துப் போட்டேன்.

முகமூடி வைத்தார்கள்.
எண்ணச் சொன்னார்கள். நான் பலகைகளை எண்ணினேன்.
ஐந்தாவதிலேயே வீட்டுக்காரன் தூங்கிவிட்டான்.
கதவு திறந்து கிடக்க
யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

விழித்ததும் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி
வலியைப் பற்றி அல்ல.
'மிச்சம் ஏதாவது இருந்துச்சா?'
ஏனென்றால் நாங்கள் பூட்டிய எந்தக் கட்டிலிலும்
ஒரு திருகு மிஞ்சும்.
இறங்கி வண்டியைக் கிளப்பும் நேரம்
மாடியிலிருந்து கையில் அதைப் பிடித்தபடி
யாராவது கத்துவார்கள்.
அது சும்மா, உபரி என்று
அரைமனதாய்ச் சொல்லிவிட்டு வருவேன்.
'எண்ணித்தான் வெச்சோம்' என்றாள் அந்தப் பெண்.
என்னைப்போலவே சொன்னாள்.

ஆறாவது வாரம்
நெல்லித்தோப்பில் எங்கள் படியில் ஏறினேன்,
கையில் எதுவுமில்லாமல்.
பதினான்கு படி. ஏழில் திருப்பம்.
அங்கே பச்சைப் பெயின்ட் உரிந்து ஒரு கீறல்,
குடிவந்த அன்று பீரோ உரசியது.
வீட்டு ஓனர் இன்றுவரை முணுமுணுப்பார்.
அம்சவல்லி மருந்து தடவும்போது சொன்ன நீளம்
கிட்டத்தட்ட இதேதான்.
கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தேன்.
இந்த ஊரில் இப்படி எத்தனை சுவர்.

மேலே பீரோ நிற்கிறது,
நான் பூட்டிய இடத்தில், நேராக.
கதவைத் திறந்தால் மட்டும்
கொஞ்சம் முனகும்.